மிமூனா மாலையில் எங்கள் மாடிக் கதவு

மதாம்,

இன்று காலை கடையில் என் கை என்னைக் கேட்காமலே ஒரு பை கோதுமை மாவை எடுத்துக் கூடையில் போட்டது. காசு கட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உங்கள் யூதரின் பெசாக் பண்டிகை இன்று மாலையோடு முடிகிறது. மாவைக் கொண்டுபோய்க் கொடுக்க எதிர்வீட்டில் நீங்கள் இல்லை. மாசிப் பனியில் உங்களை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தாயிற்று. இந்த மாவையுமா வைத்துவிட்டு வருவது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், கார்ட்டியர்வில் பகுதியில், இந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்த முதல் சித்திரையை நினைத்துப் பார்க்கிறேன். பெசாக் தொடங்கும் முன் உங்கள் வீட்டு மா, ரவை, பாண், நூடில்ஸ் எல்லாவற்றையும் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்கள். புளித்ததும் புளிக்கக் கூடியதும் பண்டிகை முடியும்வரை உங்கள் வீட்டில் இருக்கக் கூடாதாம். "எல்லாம் உனக்குத்தான். திருப்பிக் கேட்க மாட்டேன்," என்றீர்கள். நான் உங்களை 'நீங்கள்' என்றேன். நீங்கள் முதல் நாளே 'நீ' என்றுவிட்டீர்கள்.

வாங்கியதற்குப் பதில் ஏதும் கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. கடைசி நாள் பின்னேரம் அந்த ரவையிலேயே லட்டுப் பிடித்து, தட்டோடு வந்து உங்கள் கதவைத் தட்டினேன். தட்டைப் பார்த்தீர்கள். கை நீட்டவில்லை. "இப்போது முடியாது," என்றீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சிலர் சிலரது கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே விளங்கும். கடல் தாண்டி வந்தும் அதே வாசலில்தான் நிற்கிறேனா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. தையல் தொழிற்சாலையில் படித்த கெட்ட பிரெஞ்சு முழுவதையும் உங்கள் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டு, என் கதவை அறைந்து சாத்தினேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. நீங்களும் என்னை வருந்தவிடவில்லை.

இருட்டியதும் நீங்களே வந்தீர்கள். கதவைத் தட்டினீர்களா, உதைத்தீர்களா தெரியாது. "நட்சத்திரம் வந்துவிட்டது, பண்டிகை முடிந்தது. எங்கே அந்த உருண்டை?" என்று கேட்டு, வாசலில் நின்றபடியே இரண்டைத் தின்றீர்கள். வாய் நிறைய ரவையோடு சொன்னீர்கள்: "நான் உன் கையைப் பார்க்கவில்லை, மடைச்சி. வானத்தைப் பார்த்தேன்."

அன்றுதான் மிமூனாவைப் பற்றிச் சொன்னீர்கள். மொரோக்கோவில், மெக்னெஸில், பெசாக் முடிந்த மாலையில் உங்கள் ஆட்கள் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைப்பார்களாம். யாரையும் அழைப்பதில்லை, யாரும் வரலாம். வீட்டில் ஒரு பிடி மாவும் இராது என்பதால், முதல் மாவைக் கொண்டு வருவது பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம். "இங்கே அது நீ," என்றீர்கள். எனக்கு வேலை கிடைத்தது போல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடமும் நான் தவறவில்லை.

எண்ணெய்க் கையால் மாவை இழுத்து மெல்லிதாக்கி, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுட்டு, வெண்ணெயும் தேனும் தடவுவீர்கள். முஃப்லேத்தா என்று பெயர். "இது எங்கட வீச்சு ரொட்டி," என்று நான் தமிழில் சொல்ல, விளங்காமலே மறுப்பீர்கள். நான் உங்களைவிட மெல்லிதாக வீசுவேன் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் வருடம் முழுவதும் நம் இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள இந்த நடை வழியாகத்தான் என்னிடம் வந்தது. கிப்பூர் நோன்புக்கு வெள்ளை உடுப்போடும், தோல் கூடாது என்று துணிச் சப்பாத்தோடும் பசியில் நடந்து போவீர்கள். சுக்கோத் பண்டிகைக் கூடாரத்தைப் பல்கனியில் கட்டி, ஐப்பசிக் குளிரில் கோட்டுப் போட்டுக்கொண்டு சூப் குடிப்பீர்கள். 'இந்தக் குளிரில் என்ன பிடிவாதம்' என்பேன். எனக்கும் ஒரு கோப்பை வரும். பூரிம் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு. ஹனுக்கா விளக்கைத் தெருவில் போகிறவர் பார்க்கும்படி ஜன்னலில்தான் வைக்க வேண்டும் என்பீர்கள். அதே நாட்களில் என் கார்த்திகை விளக்கீடும் வரும். நானும் ஜன்னலில் வைத்தேன். ஓய்வுநாளில் மின்சாரத்தைத் தொடக் கூடாது என்று லிஃப்ட் பொத்தானை அழுத்த மாட்டீர்கள், அழுத்து என்று கேட்கவும் மாட்டீர்கள். "மூன்றாம் மாடி எவ்வளவு உயரம்!" என்று சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்கள், கள்ளி.

போன வருடம் அந்தப் பெசாக் நாட்களில்தான் யாரோ உங்கள் கதவு நிலையிலிருந்த மெசூசாவை, வேத வசனம் வைத்த அந்தச் சிறு பேழையை, பிடுங்கி மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள். டொரொண்டோவிலிருந்து உங்கள் மகன் தொலைபேசியில் கெஞ்சினார்: "மமோன், இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடு." கட்டடக் குழுத் தலைவரும் வந்து, பாதுகாப்புக்காக என்று அதையே சொன்னார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டீர்கள்.

"சண்டைக் காலத்தில் ஊரில் நாங்கள் பூட்டாத இரவு இல்லை, மதாம்," என்றேன். "தாழ்ப்பாள் போட்டு, குறுக்கே உலக்கையும் வைப்போம். வந்தவர்கள் உடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். என் அண்ணனைக் கொண்டு போனார்கள். பூட்டு ஒருவரைக் காப்பாற்றி நான் பார்க்கவில்லை."

தொலைபேசியில் காத்திருந்த மகனிடம், "கேட்டாயா?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தீர்கள். மெசூசாவைத் திரும்ப அடிக்க என்னைச் சுத்தியல் கொண்டுவரச் சொன்னீர்கள்.

பண்டிகை முடிந்த மாலை கதவு திறந்தே இருந்தது. வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஆட்கள் வந்தார்கள். ஐந்தாம் மாடி அல்ஜீரிய முஸ்லிம் டாக்சிக்காரர் நடையிலேயே தயங்கி நின்று, "இந்த வருடமும் வரலாமா?" என்றார். "ஏன், உனக்குப் பசி போய்விட்டதா?" என்று அதட்டினீர்கள். அவர் ஆறு ரொட்டி தின்றார்.

போன கிழமை உங்கள் மகன் வந்து மெசூசாவைக் கழற்றிக்கொண்டு போனார். வீடு கைமாறுகிறது. சரி, உங்கள் கதவு சாத்தியாயிற்று. இன்று இருட்டியதும் நான் என் கதவை அகலத் திறந்து, ஒரு கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு, மாவை வீசத் தொடங்கினேன். என் மகள் பதறிப்போனாள்.

"அம்மா, மதாம் இப்ப இல்லை. நாங்கள் யூதரும் இல்லை. உங்களுக்கேன் இந்த வேலை? ஆரும் ஏதும் செய்துபோட்டால்?"

"செய்யட்டும். கதவு திறந்து கிடந்தால், ஆர் செய்தது எண்டு முகத்தையாவது பாப்பன்," என்றேன்.

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் ரொட்டியை விட்டுவிட்டு நடையை எட்டிப் பார்த்தேன். ஆனாலும் கதிரையை எடுக்கவில்லை. டாக்சிக்காரர் மனைவியோடு வந்தார். இரண்டாம் மாடிப் பெடியன்கள் வந்தார்கள். குழுத் தலைவரும் வந்து வாசலிலேயே நின்றார். அந்த அம்மா இறந்துவிட்டாரே, இது யாருடைய பண்டிகை என்று கேட்டார்.

"அவருடையது. நான் நடத்துகிறேன். உள்ளே வாருங்கள்," என்றேன்.

அவர் வரவில்லை. எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று மட்டும் கேட்டார். இதைச் செய்துவந்தவர் போய்விட்டால், இனி யாரும் இதைச் செய்யத் தேவையில்லை என நினைக்கிறார் போலும். நான் அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டேன்.

உங்கள் வீட்டுக்கு யார் வரப்போகிறார்களோ தெரியாது, மதாம். யார் வந்தாலும் அடுத்த சித்திரையில் இந்த மாடியில் ஒரு கதவு திறந்திருக்கும். அது என்னுடைய கதவு.