மாதுளையும் மாத்திரையும்

ஏன்னா,

நீங்க பெருமாள் சேவிச்சுட்டு வரதுக்குள்ள நான் ஸ்கூலுக்குக் கிளம்பணும். மாதுளம்பழம் உரிச்சு நீல டப்பாவில வச்சிருக்கேன். பக்கத்துலயே தில்லை நகர் டாக்டர் குடுத்த பிரஷர் மாத்திரை இருக்கு. ஏகாதசி, பழம் மட்டும்தான்னு மாத்திரையை விட்டுடாதேங்கோ. மாதுளையில இருக்கற ஆன்டிஆக்ஸிடன்ட் ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு உங்க வாட்ஸ்அப்பில வந்தது வாஸ்தவமாவே இருக்கட்டும். அதுக்காக பழம் மாத்திரை ஆயிடுமா? நேத்தும் இதைத்தான் சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிண்டு படுத்துட்டேள். சாயங்காலம் வந்து மறுபடி சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மரகதம்

ஜூஸ் போட்டு சர்க்கரை கொட்டிக்காதேங்கோ.

பாதிப் பழம் எனக்கு வைங்கோ. தினம் விரல் கறுக்க உரிக்கறேன், ஒரு முத்து வாயில போட்டுண்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை.