சிவப்புத் துணியில் வளர்ந்த பவளம்

என் பேச்சை ஒருநாளும் தட்டாத மாமாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. அக்கா இருக்கிறாள். சின்னவள் ஆறாம் வகுப்பு போகிறாள். நீங்கள் இருந்தபோது ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உங்கள் தேவனாம்பட்டினத்துக்கும் நான் இருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எதற்குக் கடிதம், பஸ்தான் இருக்கிறதே?

நீங்கள் கொண்டுவந்த அந்த மென்பவளம் புது இனம்தான், மாமா. பெரிய ஆட்கள் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

சுனாமிக்கு மறு வருடம் அது உங்கள் வலையில் மாட்டியது. கடலடிப் பாறைக்கு உங்கள் பேச்சில் 'பார்' என்று பெயர். "பாருல மாட்டுனத அங்கயே உட்டுட்டு வந்துரணும் மாப்ள. கொண்டாந்தா அது நம்மள வந்து தேடும்னு எங்கப்பா சொல்வாரு. நீ கேட்டியேன்னுதான் எடுத்தாந்தேன்" என்றீர்கள். கடல் உயிர்களைப் பற்றிப் படித்த திமிரில் நான் சிரித்தேன்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். மென்பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் உண்டு. அதன் எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். அதனால் ஸ்பிரிட்டில் போட வேண்டும். நான் அவசரத்தில் ஃபார்மலினில் போட்டேன். அது முள்ளையெல்லாம் கரைத்துவிட்டது. 'சாராயத்துல போட வேண்டியத இப்படிக் கெடுத்துட்டியே' என்று நீங்கள் கேலி செய்திருப்பீர்கள். உங்களிடம் நான் காரணமே சொல்லவில்லை. "இன்னொண்ணு வேணும் மாமா, அதே இடத்துலேர்ந்து" என்று மட்டும் கேட்டேன்.

போனீர்கள். மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது.

எதற்குப் போனீர்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நானும் வாய் திறக்கவில்லை. உடல் கிடைக்காததால் பால் ஊற்றவில்லை, எலும்பு பொறுக்கவில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை. நான்கு வருடம், ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் போட்ட சோற்றை எதிரில் உட்கார்ந்து தின்றேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

அந்த எலும்பில்லாத முதல் பவளம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வாசலில் பஸ் போனால் பாட்டிலுக்குள் மெல்ல அசையும். பஸ் போகாதபோதும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

போன மாசியில் உங்கள் பங்காளி வலையில், அதே பாரில், ஒரு பழைய நைலான் கயிறு மாட்டியது. அதன்மேல் முழங்கை உயரத்துக்கு அந்தப் பவளம், உயிரோடு. வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் விட்டேன். மூன்று நாள் அதன் மேலிருந்த குட்டி மொட்டுகள் எல்லாம் மூடியே கிடந்தன.

கயிற்றைத் துடைத்தபோது அடியில் ஒரு சிவப்புத் துணி தெரிந்தது. யார் வீட்டு நங்கூரக் கயிறு என்று தெரிவதற்காக, கரையில் ஆளுக்கொரு சேலைக் கிழிசல் கட்டுவீர்களே, அதுதான். பச்சைக் கரை போட்ட சிவப்பு. தலைதீபாவளிக்கு அக்காவுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை, மாமா. பவளத்தின் அடிப்பகுதி அந்தத் துணியைப் பிடித்தபடி வளர்ந்திருந்தது.

நான்காம் நாள் அக்காவை அழைத்துவந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவள் தொட்டி முன்னால் குனிந்து "இதுவா?" என்றாள். அதுவரை மூடிக் கிடந்த மொட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு விரல். நூற்றுக்கணக்கான குட்டிக் கைகள் அவள் பக்கமாக விரிந்து நின்றன. தண்ணீர் பழகிவிட்டது, வெளிச்சம் மாறிவிட்டது என்று எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"அக்கா, மாமா அன்னிக்கு எனக்காகத்தான் போனாரு. நான்தான் கேட்டேன்."

அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டா. காத்து சரியில்ல, நாளைக்குப் போறேன்னாரு. நான்தான் 'தம்பி காத்துக்கினு இருக்கான், போயிட்டு வாங்க'ன்னு சொல்லி, புதுசா இந்தத் துணியக் கட்டி அனுப்பிச்சேன். உன்கிட்ட எப்புடிடா சொல்றது?"

நாலு வருடமாக இரண்டு பேரும் ஒரே தட்டில் அதைத்தான் தின்றிருக்கிறோம். அன்று அவள் அழுதாள். நானும் அழுதேன். நிமிர்ந்து பார்த்தபோது தொட்டியில் எல்லாக் கைகளும் மூடியிருந்தன. அது உங்கள் வேலையா மாமா? இல்லை என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

ஒரு கிளையை மட்டும் வெட்டி ஸ்பிரிட்டில் போட்டேன். அதில் ஒரு துணுக்கின் சதையை மட்டும் கரைத்து, மிஞ்சிய முட்களை நுண்ணோக்கியில் வைத்து வரைந்தேன். உங்களுக்குப் பொறுக்காத எலும்பைப் பொறுக்குவது போலிருந்தது. முதலில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. இனத்தின் பெயரும் மாரியப்பன்தான், வாலில் ஒரு லத்தீன் எழுத்தோடு. ரேஷன் கார்டில் மாறியப்பன் என்று தப்பாக எழுதிய பெயர், இதில் சரியாக வந்திருக்கிறது.

மீதிப் பவளம் தொட்டியில் துணியோடு இருக்கிறது. ஆடிக் காற்று அடங்கியதும் பாருக்கே கொண்டுவந்து விடுகிறோம். நான் தனியாக வரவில்லை. நேற்று பஸ் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "வரும்போது பால் வாங்கிட்டு வாடா."

வாங்கி வருகிறேன், மாமா. இரண்டு பேரும் வருகிறோம்.

இப்படிக்கு,
நீங்கள் கடைசிவரை மாப்ள என்று கூப்பிட்ட,
உங்கள் செல்வியின் தம்பி.