ஓட்டல் புத்தகத்தில் உங்கள் பெயர்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததையும், உப்புப் பாத்திகள் சேறாகி நாங்கள் மறுபடி கட்டியதையும் நீங்கள் பார்க்கவில்லை. நல்லதுதான். எனக்கு இப்போதெல்லாம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பதற்கே அலுப்பாக இருக்கிறது.

சென்னையில் நீங்கள் வாசல்கதவு திறந்துவிட்ட அந்தப் பெரிய ஓட்டல், தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து விருந்துகள், முதல் லிஃப்ட், வந்துபோன மந்திரிகள் எல்லாம் உண்டு. நடுவில் ஒரு பக்கம் முழுக்கத் தலைப்பாகையோடு சல்யூட் அடிக்கும் வாசல்காரர் படம்.

அச்சுக்குப் போகுமுன், பழைய வாசல்காரர் மகளென்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கீழே 'தாமஸ்' என்று இருந்தது. அங்கே அந்த வேலைக்கே தாமஸ் என்றுதானே பெயர்? உங்கள் பெயர் வெளிநாட்டு விருந்தாளிகள் வாயில் நுழையாதென்று அந்த பேட்ஜைக் குத்தினார்கள். நீங்கள் ஓய்வு பெற்றதும் அதையே உங்கள் வேலைக்கு வந்த பெருமாள் சித்தப்பா சட்டைக்கு மாற்றினார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது எங்க அப்பாங்க. அவரு பேரு ஏழுமலை. அதைத்தான் போடணும்" என்று சண்டை பிடித்தேன். மூன்று தடவை பஸ் ஏறி அலைந்தேன். போட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஊர் திரும்பி உப்பு வாரும் மனுஷன், வெடித்த கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் தொட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணன் நல்லா இருக்காரும்மா" என்றார்.

சித்தி எட்டிப் பார்த்தாள். "ஐயே, இது நீதானே? அந்த வாட்ச் கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது!"

"சும்மா இருடி. அண்ணன் பேரு வந்துடுச்சில்ல, அது போதும்."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் லீவில் வந்தால் லுங்கியோடு நாலு நாள் இருப்பீர்கள். நெற்றியை மறைத்த கை, பெரிய மீசை, அந்தத் தலைப்பாகை. அதில் இருப்பது நீங்களா, சித்தப்பாவா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பெற்ற மகள் இல்லையா? ஒரு நிமிடம் சந்தேகப்பட்டிருக்கலாமே. அவமானமாக இருக்கிறது அப்பா.

புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறதாம். புதன்கிழமை லீவு சொல்லிவிட்டேன். போய், உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடச் சொல்லி நானே கேட்கப் போகிறேன். கட்டாயம் கேட்பேன்.

அந்த உடுப்பில் உங்களை ஒருநாளும் பார்க்காத,
உங்கள் மூத்த மகள்
வள்ளி