நான்கு சதவீதம் குறைவு

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், பேச்சுவார்த்தைதான் நலமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனா போகுதும்மா, தங்கச்சிக்கு மார்க்கப் போட்டுடுங்க என்று போனில் சொன்னாயே, போட மாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வகுப்பில் ஊசல் சோதனை வைத்தேன். ஊசலின் நீளத்தையும் ஆடும் நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கம் காண வேண்டும். புத்தகத்தில் 9.8. பிள்ளைகள் எல்லோருக்கும் 9.4ஐ ஒட்டியே வந்தது, அதாவது நான்கு சதவீதம் குறைவு. நம் சின்னவளுக்கு மட்டும் அச்சடித்தாற்போல் 9.8, பிழையே இல்லை. ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் வந்தால் கைப்பிசகு என்று விடலாம், எல்லோரும் ஒரே பக்கம் ஒரே அளவு சறுக்கினால் அளக்கும் முறையிலேயே ஏதோ கோளாறு, அதில் இவள் மட்டும் எப்படித் தப்பினாள்? கேட்டேன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை எழுதியதாக ஒப்புக்கொண்டாள். அவளுக்குப் பூஜ்யம், மற்றவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு, சரியான விடைக்கு முட்டை, தப்பான விடைக்கு முழு மார்க்கா, மாத்துங்க, இல்லன்னா விளக்கம் எழுதிக் குடுங்க என்றார். எழுத உட்கார்ந்துவிட்டேன். பெத்த பொண்ணு மேற்படிப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியே என்று உன் அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசுகிறார். பேசட்டும். அளக்காமல் எழுதிய 9.8ஐ விட அளந்து வந்த 9.4 எனக்கு உசத்தி, என் பெண் என்பதற்காக அது மாறாது.

நேற்று சின்னவள் தானாக ஆய்வகத்துக்கு வந்து மறுபடி அளந்தாள். அவளுக்கும் 9.4. விடவில்லை, நூல் நுனியில் தொங்கிய குண்டைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். நூலோடு குண்டின் ஆரத்தையும் சேர்த்தால்தான் ஊசலின் நீளம். எல்லோரும் கணக்கில் சேர்த்தது கரும்பலகையில் இருந்த பழைய சின்னக் குண்டின் ஆரம், தொங்கியது புதிதாக வாங்கிய பெரிய குண்டு. இரண்டு சென்டிமீட்டர் விட்டுப்போயிருக்கிறது, அரை மீட்டர் ஊசலுக்கு அதுதான் அந்த நான்கு சதவீதம். பலகையில் எழுதியது நான்தான். வீட்டில் வாயே திறக்காதவள், அப்ப டீச்சருக்கும் மார்க்கக் குறைக்கணும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது, பெருமையாகவும் இருந்தது. அதையும் விளக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவளுடைய பூஜ்யத்தை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

நீ நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது மார்க்கைப் பற்றிப் பேசாதே, அந்தக் குண்டைப் பற்றி அவளிடம் கேள்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா