முதல் வரிசை வீடு

கொச்சிக்குத் தெற்கே, கடற்கரை
20 ஏப்ரல் 2024

சின்னக்கானல் எஸ்டேட் லயத்தின் மகாராணியும், என் அக்காள் அழகுத்தாய் பெற்ற ஒரே வாரிசுமான மருமகள் மோனிஷாவுக்கு, அரபிக்கடலின் அதிபதி கருத்தப்பாண்டி மாமா எழுதிக்கொள்வது.

யாருமே நம்பாத கதை ஒன்றை இன்று உனக்குச் சொல்லப்போகிறேன். சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், ஆனால் நம்பிவிடாதே.

நேற்று ஜோமோனின் படகில் பெங்களூர்க்காரர்கள் நாலு பேரைத் தூண்டில் போட அழைத்துப்போனோம். படகு அவனுடையது, வாய் என்னுடையது. எங்கள் தொழிலில் பாகப்பிரிவினை அவ்வளவுதான். ஒருவர் தூண்டிலில் வஞ்சிரம் சிக்கியது. அது இழுத்த இழுப்பில் படகு லட்சத்தீவு வரை போய்விட்டது. அங்கே இறங்கி ஆளுக்கொரு டீ குடித்தோம். திரும்பும்போதும் அதுவே இழுத்து வந்து விட்டது. நன்றியுள்ள மீன் என்று அவிழ்த்து அனுப்பிவிட்டேன்.

உண்மையில் இந்தக் கோடையில் கடல் கொதிக்கிறது. கையை விட்டால் ரேகை அவிந்துபோகிறது. மத்தியும் அயிலையும் குளிர்ச்சி தேடி எங்கோ போய்விட்டன. சின்னக்கானலுக்குத்தான் ஏறியிருக்கும், தேயிலைச் செடிக்கடியில் பார்த்து வை.

நம் அரண்மனை சுகம். மலையில் நான் ஜீப் ஓட்டிய காலத்தில் 'வியூ' உள்ள அறைக்கு எத்தனை கிராக்கி! இங்கேயோ முதல் வரிசை வீட்டை விற்றுவிட்டு ஆட்கள் பின்னால் தள்ளிப்போகிறார்கள். விவரம் தெரியாதவர்கள் என்று நான் வாங்கிப்போட்டேன். அன்று ஜோமோன் சொன்னான்: "சேட்டா, கடல் காண ஆசையா? சேட்டன் போகண்டா, கடல் இங்கோட்டு வரும்." அவனுக்கும் என் வாய் ஒட்டிக்கொண்டது.

ஏன் போன் பண்ணுவதில்லை என்று கேட்காதே. போனில் பொய் சொன்னால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்துக்கு மூச்சு கிடையாது.

இப்படிக்கு
அதிபதி மாமா


சின்னக்கானல்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாய் தானே பார்த்துக்கொள்ளும்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஏட்டி, ஒம் மாமன் சொல்றதைப் பத்துல ஒண்ணாக்கிக் கேளு. வஞ்சிரம்னா நெத்திலி, லட்சத்தீவுன்னா பக்கத்துத் தெரு" என்று அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்து மாரீஸ்வரி அக்கா எட்டிப்பார்த்தது.

மாமா, அம்மாவுக்கு மே முப்பத்தொன்றோடு சர்வீஸ் முடிகிறது. லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு எஸ்டேட் வேலைப் பதிவில் பெயர் இல்லை. ரிசார்ட்டில் அறை கூட்டுகிறவளுக்கு இந்த ஊரில் யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? இருக்கிற அறையெல்லாம் டூரிஸ்டுக்குத்தான்.

ஆனால் அம்மாவுக்குக் கவலையே இல்லை. "எந் தம்பி புளுகுன புளுகுல அந்த வீடு ஒண்ணுதான் நெசம். நாந்தான் போட்டோ பாத்தேனே" என்கிறது. சட்டிபானையை இப்போதே சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டது. கடலைப் பார்த்து உட்கார்ந்து, கொழுந்து கிள்ளாமல் சும்மா ஒரு பகல் முழுக்க இருக்க வேண்டுமாம்.

வருகிறோம் மாமா.

அன்பு மருமகள்
மோனிஷா


கடற்கரை
9 மே 2024

மகாராணிக்கு,

நம் வீட்டுக்குக் கடல் விருந்துக்கு வந்திருந்தது.

காற்று இல்லை, மழை இல்லை, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நல்ல நடுப்பகல். இந்தப் பக்கத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். எங்கோ தூரத்தில் பிறந்த அலை, சத்தம் காட்டாமல் வந்து கரையேறும். செருப்பைக் கழற்றாமல் முன்வாசல் வழியாக நுழைந்தது. நான் கட்டிலில் ஏறி நின்று, "வாங்க, உட்காருங்க" என்றேன். நேராக அடுப்பங்கரைக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, "உப்பு பத்தாதே" என்று தாராளமாகப் போட்டது. போகும்போது வெறுங்கையோடு போக மனம் வரவில்லை போலும், அடுப்பங்கரையையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டது. சுவரோடு.

ஆகவே மகாராணிகள் இப்போது புறப்பட வேண்டாம். மழைக்காலம் போகட்டும். ஆவணியில் பார்க்கலாம். எஸ்டேட்காரர்களிடம் தவணை கேட்டுப் பார்.

படகிலும் கூட்டம் இல்லை. தூண்டில் போட்டால் கண்ணாடிக் குடை மாதிரி கடல்சொறிதான் வருகிறது. ஒரு கோயம்புத்தூர் அம்மாள், "ஏனுங்க, மீனே இல்லீங்களா?" என்றார். "இருக்குதுங்க, இன்னைக்கு அதுகளுக்கு லீவுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜோமோன் மட்டும் சிரிக்கவில்லை.

மாமா


சின்னக்கானல்
16 மே 2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா முதலில் சிரித்தது. "அடுப்பங்கரையில ரெண்டு குடம் தண்ணி வந்திருக்கும், அதுக்குப் போடுறான் பாரு கூத்து" என்றது. 'புறப்பட வேண்டாம்' என்கிற இடம் வந்ததும், திரும்பப் படி என்றது. படித்தேன். பிறகு, "நாம வாறது அவனுக்குப் பாரமா இருக்கு போல. நேராச் சொல்ல வாய் வரல" என்று எழுந்து போய்விட்டது.

கட்டிய சாக்கை அவிழ்க்கவும் இல்லை, புதிதாகக் கட்டவும் இல்லை.

வேண்டாம் என்றால் அந்த ஒரு வார்த்தையை நேராக எழுதுங்கள் மாமா. கடல் மேல் பழி போடாதீர்கள். ஒன்றும் நினைக்கமாட்டேன் என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை. நினைப்பேன்.

தவணை கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். அடுத்து வருகிற குடும்பம் வந்து எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்கு முனீஸ்வரன் அண்ணன் ஜீப்பைச் சொல்லியிருக்கிறேன். போக எங்களுக்கு வேறு இடம் இல்லை.

மோனிஷா


பள்ளிக்கூடம்
23 மே 2024

மோனிஷாவுக்கு,

முந்தாநாள் உனக்குப் போன் பண்ணி, நீ "மாமா" என்றதும் வைத்தது நான்தான்.

கடைசிச் சவாரியைச் சொல்கிறேன். மதுரைக் குடும்பம் ஒன்று வந்தது. வெளிக்கடல் கலங்கிக் கிடந்ததால் கடலேற்றத் தண்ணீரில் கரையோரமே தூண்டில் போட்டோம். பெரியவர் கையில் கம்பு வில்லாக வளைந்தது. "அண்ணே, திமிங்கலம்ணே! விட்றாதீங்கண்ணே!" என்று கத்தினார். நானும் பழக்கதோஷத்தில், "அதுக்கு மீசை நரைச்சிருக்கும் பாருங்க, நாற்பது வருஷமா எங்கிட்ட டிமிக்கி குடுக்குது" என்று எடுத்துவிட்டேன். பிள்ளைகள் கை தட்டின.

ஜோமோன் பக்கத்தில் வந்து, போதும் என்று கையமர்த்தி மெதுவாகச் சொன்னான்: "மதி சேட்டா. அது சேட்டன்றெ கிணறு."

என் வாசலுக்கு மேலேதான் படகு நின்றுகொண்டிருந்தது. தூண்டில் கிணற்று உறையில் மாட்டியிருந்தது. நான் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல், இதைப் பத்தில் ஒன்றாக்க வேண்டாம். நாலாம் தேதி அடுப்பங்கரை போயிற்று. உன் கடிதம் நீ எழுதிக்கொண்டிருந்த வாரத்திலேயே மிச்சமும் போயிற்று. வீடு இல்லை. மண் கூட இல்லை, காட்ட.

நான் பள்ளிக்கூட முகாமில் மூன்றாம் வகுப்பு அறையில் இருக்கிறேன். ஜூன் மூன்றாம் தேதி பிள்ளைகள் வந்துவிடும், நாங்களும் காலி செய்ய வேண்டும். ஜோமோன் படகை விலை சொல்லிக்கொண்டிருக்கிறான். வாங்க ஆள் இல்லை.

ஜீப்பில் ஏறாதீர்கள். வேறு எங்கே போவீர்கள் என்று மூன்று நாளாக யோசித்தேன். ஒரு பொய்யாவது எழுதி அனுப்பலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

நீ கேட்ட 'வேண்டாம்' என்ற வார்த்தையை எழுத என்னால் ஆகாது மோனிஷா. அந்த வீட்டைப் பற்றி நான் அளந்ததெல்லாம் மலையளவு புளுகு. அரண்மனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஓடு போட்ட இரண்டு அறைதான். ஆனால் உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்பதில் ஒரு சின்னத் துண்டு நிஜம். கூடை சுமந்த தோள், அக்காளுக்குக் கை மேலே எழும்பாது அல்லவா? அதனால் சித்திரை பிறந்ததும் அடுப்பங்கரை அலமாரியைக் கழற்றி, அவள் இடுப்பு உயரத்துக்கு இறக்கி அடித்து வைத்தேன்.

அது இருந்தது.

கருத்தப்பாண்டி