பாசஞ்சர் லேட்டா என்று கேட்கக் கூடாது

மே 12, திங்கள்

கத்திரி வெயில். கடை திறக்கும்போதே அச்சக ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. துண்டைச் சுற்றித் தூக்கினேன். உள்ளே மின்விசிறி உண்டு. சூட்டை எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைக்கும்.

செய்ய வேண்டியவை:
காதுகுத்து ஃப்ளெக்ஸ். (தாய்மாமன் படம் பெரிசாக வேண்டுமாம். குழந்தைக்கு மிச்ச இடம் போதுமாம்.)
கரண்ட் பில்.
கடைவாய்ப் பல். நாளைக்கு.
ஏழுமலையைச் சமாதானம் செய்வது. இதுவும் நாளைக்கு.

நாளைக்கு வரை அவன் விடவில்லை. காலையிலேயே போன். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அந்த நேரத்தில் வேலை இருக்க வேண்டும். இல்லை.

"அந்தம்மா இன்னைக்கும் கேட்டுச்சு. பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னா பண்ணப் போற?"

"பல்லு வலிக்குதுடா."

"பேச்ச மாத்தாத. குரூப்புல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஞாயித்துக்கெழமக்குள்ள முடிவு சொல்லு."

இருபது வருஷமாக ஞாயிறுதோறும் என்னோடு தண்டவாளத்தோரம் நின்று ரயிலைப் படம் பிடித்தவன் கேட்கிற கேள்வி. கட்டிய மனைவிகூட எனக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கொடுத்ததில்லை.

அந்தம்மா என்பது ஸ்டெல்லா. எங்கள் 'விழுப்புரம் – திண்டிவனம் ரயில் நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் புதுசு. விடிந்தால் ஒரே கேள்வி: 'காலை பாசஞ்சர் லேட்டா?' யாரும் பதில் சொல்வதில்லை. மறுநாளும் கேட்கும்.

எங்களுடையது படம் பிடிக்கிறவர்கள் குழு. படம், இன்ஜின் எண், இடம், நேரம். நான்கும் இருந்தால்தான் பதிவு. சட்டம் இயற்றியவன் ஏழுமலை, சுருக்கமாக ஏ.ம. குட்மார்னிங் ரோஜா கூடாது. கோயில் தேர் கூடாது. பஸ் கூடாது. 'லேட்டா, எந்த பிளாட்பாரம், சீட்டு கிடைக்குமா' இதெல்லாம் கூடவே கூடாது. "நாம இன்னா என்கொயரி கவுண்ட்டரா?" என்பான்.

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. போன வருஷம் ரோஜாப்பூவும் மூட்டுவலித் தைலமும் சேர்ந்து ஒரு ரயிலையும் கண்ணில் பட விடவில்லை. ஒவ்வொன்றாகக் களை பிடுங்கியவன் அவன். நான் அப்போது வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டெல்லா எப்படி உள்ளே வந்தது என்று அவன் இன்னும் துப்பறிகிறான். நான்தான். ஃப்ளெக்ஸ் ஓரத்தில் மிஞ்சிய துண்டில் குழுவின் லிங்க்கை அச்சடித்து, திண்டிவனம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒட்டினேன். உறுப்பினர் எண்ணிக்கை கூடினால் எனக்கு என்னவோ ஓட்டு விழுகிற மாதிரி ஒரு சந்தோஷம்.

மே 13, செவ்வாய்

வெயில் அதே. பல் டாக்டர் ஊரில் இல்லை. பல்லுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன். கணீர்க் குரல்.

"ரயில் நண்பரா?"

"ஆமாங்க."

"நண்பர்னு பேரு வெச்சிக்கினு ஒரு பேச்சு பதில் சொல்ல மாட்றீங்களே சார். இத்தினி பேரு இருக்கீங்க."

ஸ்டெல்லாவேதான். சாம்பார் ஆறும் வரை பேசியது. வீடு திண்டிவனம். ராத்திரி மாவரைத்து, பெரிய எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, காலை பாசஞ்சரில் ஏற்றி முண்டியம்பாக்கம் கொண்டு போகிறது. ஆஸ்பத்திரிக்கு வெளியே தள்ளுவண்டியில் இட்லி. நோயாளியோடு வந்தவர்கள்தான் சாப்பிட வருவது. எக்ஸ்பிரஸ் எதுவும் முண்டியம்பாக்கத்தில் நிற்காது. டிரம்மைக் கண்டால் பஸ்காரர்கள் நிற்பதில்லை.

"வண்டி லேட்டுன்னு தெரிஞ்சா வீட்லயே தண்ணித் தொட்டில எறக்கி வெச்சிருவேன் சார். பிளாட்பாரத்துக்கு வந்துட்டா இந்த வெயில்ல பொங்கிக்கினு வழியுது. நேத்து பாதி மாவு கீழ. நாயிங்க நல்லா சாப்ட்டுச்சு. அங்க ஜனங்க வெறும் டீய குடிச்சிக்கினு குந்தியிருந்தாங்க."

"போன்லயே ஆப் இருக்குதும்மா. வண்டி எங்க வருதுன்னு காட்டும்."

"பாத்தேனே. வண்டி மைலம் தாண்டிடுச்சின்னு காட்டுது. நான் அதே வண்டில உக்காந்துக்கினு திண்டிவனத்துல இருக்கேன்."

உண்மையைச் சொல்லிவிட்டேன். குழுவில் யாருக்கும் பாசஞ்சர் எங்கே வருகிறது என்று தெரியாது. எந்த ஊர் இன்ஜின் எந்த சரக்கு வண்டியில் புதுசாக வந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். பாசஞ்சரை யார் பார்ப்பது? தினம் வருகிற வண்டி. ஒரே மூஞ்சி. சொந்த வீட்டுக் கதவை யாராவது படம் பிடிப்பார்களா?

"அப்ப ரயில் நண்பர்னு போட்டிருக்கீங்களே சார்?"

"அது மத்த ரயிலுக்கும்மா."

"நல்லா இருக்குது" என்று வைத்துவிட்டது.

மே 14, புதன்

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வரும்போதெல்லாம் கோமதி குங்குமம் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறாள். அது எப்படி முடியும் என்று மனைவிக்குத் தெரியும்.

யோசனை: கேள்விதானே கூடாது. படம் கூடுமே. பாசஞ்சரையே படம் பிடித்து இன்ஜின் எண், இடம், நேரம் போட்டால் ஏ.ம. வாயைத் திறக்க முடியாது. ஸ்டெல்லாவுக்கும் வண்டி எங்கே என்று தெரிந்துவிடும்.

பல் துலக்காமல் விழுப்புரம் ஸ்டேஷன் போனேன். காத்திருந்தேன். வந்தது. பிடித்தேன். விதிப்படி போட்டேன். பெருமையாக டீ சொன்னேன். டீ வருவதற்குள் ஸ்டெல்லா பதில்: 'சார் அதுல இருந்துதான் அப்பவே முண்டியம்பாக்கத்துல எறங்கிட்டேன்.'

வண்டி வடக்கேயிருந்து வருகிறது. திண்டிவனம் முதலில், விழுப்புரம் கடைசியில். இருபது வருஷ ரயில் ரசிகன். சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுந்தன. குட்மார்னிங் ரோஜாவுக்குத்தான் தடை. சிரிப்புக்கு இல்லை.

உதவ முடிந்தவன் ஏ.ம. ஒருவன்தான். வீடு திண்டிவனத்துக்கு முந்தின ஸ்டேஷன் ஒலக்கூர் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி. மாடியில் துணி எடுக்கப் போனாலே வண்டி வருவது தெரியும். போனில் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு வரிடா. 'இப்பத்தான் தாண்டுது'ன்னு போடு. என்னா கொறஞ்சிடுவ?"

"இன்னைக்கு இது. நாளைக்கு மாவு வெல இன்னான்னு வரும். அப்புறம் ரோஜா வரும். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, நீ தூங்குவ."

சரியாகத்தான் சொல்கிறான். அதுதான் அலுப்பு. தப்பாகப் பேசுகிறவனோடு சண்டை போட எனக்கு வரும்.

மே 15, வியாழன்

மேகம். மழை இல்லை. மேகம் சும்மா பார்த்துவிட்டுப் போனது.

குழுவில் வாக்கெடுப்பு. வளவனூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு பாங்க் சார் இருக்கிறார். எது நடந்தாலும் "பொதுக்கருத்து கேட்டுடலாமே" என்பவர். கேட்டுவிட்டார். 'நேரம் விசாரிப்பவர்கள் குழுவில் இருக்கலாமா?' இருக்கலாம், கூடாது.

நாள் பூராவும் விவாதம். ஃப்ளெக்ஸில் தாய்மாமன் மீசை பாதியில் நின்றது.

'ரயில் என்றால் பயணிகளும் சேர்த்துத்தானே?'
'பயணிகள் ரயிலுக்கு உள்ளே. நாம் வெளியே. அதுதான் வித்தியாசம்.'
'நம்மில் கடைசியாக டிக்கெட் எடுத்தவர் யார்?'
(இதற்குப் பதிலாக ஒருவர் நிலக்கரி வேகன் படம் போட்டார்.)
'நிலக்கரி வேகன் படம் மட்டும் எதற்கு? அதுவும் போரடிக்கிறது.'
'நிலக்கரியைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?'

நிலக்கரிக்காக இரண்டு பேர் விலகினார்கள்.

முடிவு: 'கூடாது' ஜெயித்தது. கூடாதுக்குப் போட்டவர்கள் பெயரைத் திறந்தால் ஸ்டெல்லா பெயரும் இருக்கிறது. போன் போட்டேன்.

"ஏம்மா, தெரியாம அமுக்கிட்டியா?"

"தெரிஞ்சிதான் சார். கேட்டா பதில் வராத எடத்துல கேக்கறவங்க எதுக்கு? நியாயமாத்தான் போட்டேன்."

"உன்ன எடுக்கறதுக்கும்மா அது."

"எடுத்துக்கோங்க. நான் நாளைக்கும் கேப்பேன், எடுக்கற வரைக்கும்."

நான் எதற்குப் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. எதற்கும் போடவில்லை. போன் சார்ஜ் இல்லை என்று ஏ.ம.விடம் சொன்னேன்.

மே 16, வெள்ளி

தலைவலி. பல்லா வெயிலா தெரியவில்லை.

ஏ.ம.விடமிருந்து ஒரே வரி: 'இன்னும் இருக்கு.'

ஸ்டெல்லா பெயரை அழுத்தினால் 'நீக்கு' என்று வருகிறது. அழுத்தினேன். வந்தது. பார்த்தேன். மூடினேன். இப்படி மூன்று நான்கு தரம். கோமதி பின்னால் நின்று கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அவரும் அட்மின்தானே. அவரே எடுக்க வேண்டியதுதானே?"

"'நீ சேத்த, நீதான் எடுக்கணும்'ங்கறான். டீக்கட ஸ்டிக்கர கண்டுபுடிச்சிட்டான்."

"எடுத்தா?"

"அந்தம்மா மாவு பிளாட்பாரத்துல."

"எடுக்கலன்னா?"

"ஏழுமலை போயிடுவான்."

கீரைத் தண்டை ஒடித்தாள். "இருபது வருஷமா ரயிலுக்குப் போறேன் ரயிலுக்குப் போறேன்னு போய்க்கினு இருக்கீங்க. என்ன ஒரு நாள் ரயில்ல கூட்டிக்கினு போயிருக்கீங்களா? பாண்டிக்குக்கூட பஸ்ஸு."

அது வேறு விஷயம் என்றேன். அதே விஷயம்தான் என்றாள். சாப்பாட்டில் உப்பு குறைவு. கேட்கவில்லை.

ஏ.ம. போனால் என்ன என்றும் யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் பேரணி ஸ்டேஷன் வளைவில் நிற்க வேண்டும். தப்பான இன்ஜின் எண்ணைச் சொன்னால் திருத்த ஆள் இருக்காது. எனக்கு வேறு சிநேகிதன் கிடையாது. வாடிக்கையாளர்கள்தான்.

நேரில் போய்ப் பேசுவது என்று முடிவு. நாளைக்கு. இந்த நாளைக்கு நிஜமான நாளைக்கு.

மே 17, சனி

இருட்டோடு பஸ் பிடித்துத் திண்டிவனம், அங்கிருந்து ஒலக்கூர். ஏ.ம. வீட்டில் அவன் சம்சாரம் மட்டும். "மைலத்துக்கு கேமராவ தூக்கிக்கினு போயிருக்காருண்ணா. புது இன்ஜினு ஒண்ணு எக்ஸ்பிரஸ்ஸுல வருதாம். பொண்ணு பாக்கப் போறப்பகூட இப்படி வெள்ள சட்ட போட்டதில்ல."

மைலம் என்றால் திண்டிவனத்துக்கு அடுத்த ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் நிற்காது. பாசஞ்சர் நிற்கும். திண்டிவனம் திரும்பி டிக்கெட் எடுத்தேன். கவுண்ட்டரில் மைலம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

பாசஞ்சர் லேட். பிளாட்பாரத்தில் டிரம். டிரம்மைச் சுற்றி ஈரத்துணி. பக்கத்தில் ஸ்டெல்லா, முந்தானையால் டிரம்முக்கு விசிறிக்கொண்டு. நான் நினைத்ததைவிடக் குள்ளம். குரலுக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லை.

"நீங்கதான் சாரா. போட்டோல முடி இருந்துச்சு."

"போட்டோ பழசும்மா."

"என்ன எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஏன், அதுவும் லேட்டா?"

வண்டி வந்தது. டிரம்மை ஏற்ற ஒரு பக்கம் பிடித்தேன். அந்தக் கனத்தைத் தினமும் அது எப்படித் தூக்குகிறது என்று கேட்க நினைத்தேன். மூச்சு வாங்கியதில் விட்டுப்போயிற்று. உட்கார இடமில்லை. வாசலோரம் நின்றேன். பக்கத்தில் ஒருவர் வேர்க்கடலை கொறித்தபடி மல்லாட்டைத் தோலை என் செருப்பின் மேலேயே போட்டார்.

மைலம். வண்டியை ஓரத்துப் பாதையில் ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட. நடுப் பாதைகளைத் தாண்டி அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், வெள்ளைச் சட்டை. ஏ.ம. மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா. வடக்கே பார்த்தபடி.

நான் நின்ற பக்கக் கதவிலிருந்து தலையை நீட்டி, "டேய் ஏழுமல," என்றேன். திரும்பாமலே கையை ஆட்டினான். தலையை உள்ளே இழு, ஃப்ரேமில் வருகிறது என்று அர்த்தம். இதே கை ஆட்டலை நானும் எத்தனை வண்டிக்குச் செய்திருப்பேன். உள்ளே இருக்கிறவனுக்கு அது நாய் விரட்டுவது போலத்தான் இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் போனது. புது இன்ஜின், பளபளவென்று. நான் எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. டிரம்மின் மூடி மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தேன்.

எங்கள் வண்டி எடுக்கவில்லை. பெட்டிக்குள் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியாது. ஸ்டெல்லா போனை எடுத்துத் தட்டியது. என் சட்டைப்பையில் டிங். அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் அவனும் குனிந்து பார்த்தான். குழுவில்: 'மைலத்துல நிக்குது. எப்ப எடுப்பான்?'

ஏ.ம. போனைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். கதவில் என்னையும், எனக்குக் கீழே போனைப் பிடித்த கையோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவையும், டிரம்மையும் பார்த்தான். வடக்கே திரும்பி சிக்னலைப் பார்த்தான். அவனுக்கு அங்கிருந்து தெரிகிறது. எங்களுக்குத் தெரியாது.

போனைப் பையில் போட்டுவிட்டு, கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டான்.

"இன்னொரு வண்டி பின்னாடியே வருதும்மா. அது போனாத்தான் இது. ரொம்ப நேரம் ஆவும். டிரம்ம பிளாட்பாரத்து நெழல்ல எறக்கி வை."

ஸ்டெல்லா பெட்டிக்குள் திரும்பி, "இன்னொண்ணு வருதாம்," என்றது, ஸ்டேஷன் மாஸ்டரே சொன்ன மாதிரி. நாலு பேர் இறங்கிக் குழாய்க்குப் போனார்கள். மல்லாட்டைக்காரர் டிரம்மின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நிழலில் வைத்து, துணியை நனைத்துச் சுற்றினோம். மூடி அடங்கியது.

குழுவைத் திறந்து பார்த்தேன். ஸ்டெல்லாவின் கேள்விக்குக் கீழே எதுவும் இல்லை. விதி விதிதான்.

வண்டிக்கு உள்ளே ஏறி அந்தப் பக்கக் கதவுக்குப் போனேன்.

"நீ எதுக்குடா இதுல வர்ற?" என்றான்.

"உன்னப் பாக்கத்தான்."

"பாத்துட்ட இல்ல. தலைய உள்ள இழு, வண்டி வருது."