ஒரு நாள் விருந்தாளி

மார்ச் 3

அன்புள்ள கேப்டன் அவர்களுக்கு,

இங்கே நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும், அதனால் கேட்கவில்லை.

பதினோரு மாதமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கேட்டால் சீசன். சீசன் முடிந்தால் படகுக்குப் பெயிண்ட். பெயிண்ட் காய்ந்தால் மறுபடி சீசன். நானும் எத்தனை நாள்தான் வழிமேல் விழி வைத்து உட்கார்ந்திருப்பது? அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் ஓட்டுகிற அந்த உல்லாசப் படகை ஏஜென்சி மூலம் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கேப்டன், சமையல்காரர், இன்ஜின்காரர், பரிமாறும் பெண் எல்லாரும் சேர்த்துத்தான். ஆள் வராத மாதம் என்பதால் பள்ளிக்கூட டீச்சருக்கும் கட்டுப்படியானது. இருபத்திரண்டாம் தேதி, காலை ஒன்பது மணி. நடுக்கடலில் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போக உங்களுக்கு வழி கிடையாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முட்டைக்கண்ணி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயதுப் பிள்ளை, நான்கு நாள் காய்ச்சல். நீங்கள் கடலிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு உங்களை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நம் மகளைப் பற்றி என் காதுபட ஒரு வார்த்தை நீங்கள் பேசவில்லை. நான் மட்டும் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் தன் வீட்டு மாடியறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு வா வா என்கிறார். போவதா இருப்பதா என்று அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் முடிவு செய்வேன்.

உங்கள்
டீச்சர்

மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு செய்துவிட்டு எனக்கே தகவல் சொல்கிறாய். சரி, வா.

இரண்டு விஷயம். முதலாளி எங்கள் குடும்பத்தாரைப் படகில் ஏற்ற விடமாட்டார். அதனால் நீ யார் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. சீருடையில் இருப்பேன், மேடம் என்றுதான் கூப்பிடுவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இரண்டாவது, ஏஜென்சிப் பெண் உனக்கு ஃபோன் செய்வாள். என்ன சாப்பிடுவீர்கள், எது ஒத்துக்கொள்ளாது, எது பிடிக்காது என்று கேட்டுப் படிவம் நிரப்புவாள். அன்று காலை எல்லாரையும் மேல்தளத்தில் நிற்க வைத்து நான் அதை வாசிப்பேன். அதில் இருப்பதுதான் எங்களுக்குச் சட்டம். விருந்தாளிக்குப் பூண்டு ஆகாது என்றால் அன்றைக்குக் கேப்டனும் பூண்டு தின்னக் கூடாது.

மதியம் நங்கூரம் போட்ட பிறகு நேரம் இருக்கும். பேசலாம். காற்று அதிகம், காதை மூட ஏதாவது கொண்டு வா. உனக்குக் காது வலி வந்தால் ஒரு வாரம் போகாது.

உன்
கேப்டன்

மார்ச் 24

கேப்டன் அவர்களுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன்.

கை கொடுத்து ஏற்றும்போது "பார்த்து ஏறுங்க மேடம்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நன்றாகத்தான் நடிக்கிறார், மதியம் வரை போகட்டும் என்று இருந்தேன். நங்கூரம் போட்டார்கள். மற்றவர்கள் உள்ளே சாப்பிடப் போனார்கள். நீங்கள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இப்ப யாரும் இல்லங்க. அவ இருந்திருந்தா இந்த வருஷம் நாலாம் வகுப்பு" என்றேன்.

"அந்தப் பக்கம் பாருங்க மேடம், டால்பின் வரும்."

இதுதான் உங்கள் பதில். அப்புறம் படகு ஓட்டப் போய்விட்டீர்கள். கரை சேரும் வரை திரும்பி வரவில்லை.

நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பரிமாறும் பெண் டீ கொண்டு வந்தாள். நல்ல பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்க கேப்டனைத் தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க குழந்தை தவறினதைப் பத்தி யாரும் பேச்செடுக்கக் கூடாதுன்னு காலையிலேயே ஃபாரத்தை வாசிச்சுட்டாரு. அவருக்குப் பிள்ளைங்க கிடையாது. இதுக்கெல்லாம் எப்படி ஆறுதல் சொல்றதுன்னு அவருக்குத் தெரியாது."

டீயைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கையிலேயே ஆறிப்போனது. எப்போதிலிருந்து உங்களுக்குப் பிள்ளை கிடையாது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

டீச்சர்

மார்ச் 30

அன்புள்ள டீச்சருக்கு,

மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன். படகில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். ஒன்று என்றால் என்ன படிக்கிறாள் என்பார்கள். அதற்கு மேல் என்னால் வாயைத் திறக்க முடியாது. இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

படிவத்தில் இருந்த அந்த வரியை மூன்று பேர் முன்னால் நான்தான் வாசித்தேன். நீயே பேச வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாய் போல என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் பொய். உன் கடிதத்தைப் படித்தவன் அப்படி நினைப்பேனா? நினைத்ததாக வைத்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும் எனக்கு மூச்சு வந்தது. இன்றைக்குத் தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. நீ நாலாம் வகுப்பு என்றபோதும் சட்டம் இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளைப் பற்றி இதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கை ஓடவில்லை. நேரில் வந்து பேசுகிறேன். பெயிண்ட் வேலை நடக்கிறது, முடிந்ததும் கிளம்பி வருகிறேன். அதுவரை எங்கும் போகாதே.

உன்
கேப்டன்

ஏப்ரல் 6

உங்களுக்கு,

ஏஜென்சிப் பெண் கேட்டாள், படகில் இருப்பவர்கள் பேசக் கூடாதது ஏதாவது உண்டா என்று. முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகுட்டியைப் பற்றி விசாரிப்பார்களே என்று எனக்கும் பயம். அதனால்தான் சொன்னேன். அது வேலை செய்கிறவர்களுக்கு. பெற்ற அப்பாவுக்கு யாராவது அப்படி எழுதிக் கொடுப்பார்களா?

கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு இங்கேயே கிடந்திருப்பேன். அப்படி ஒரு பெண் இருந்தாள் என்று நினைத்து அழ இரண்டு பேர் இருக்கிறோம் என்றுதான் இத்தனை நாள் தெம்பாக இருந்தேன். நான் ஒருத்திதான் என்று அந்த டீயோடு தெரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம் இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். நாளைக்கு அண்ணன் வந்து கூட்டிப் போகிறார். வர வேண்டாம், நான் பேச மாட்டேன். சாவி கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கும். உங்கள் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து பீரோவில் வைத்திருக்கிறேன். அவளுடைய கவுன்கள், ஸ்கூல் பை, நோட்டுகள் எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டேன். கலர் பென்சில் டப்பாவை மட்டும் உங்களுக்கு விட்டுப் போகலாமா என்று வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை இல்லாதவர் வீட்டில் அது எதற்கு என்று அதையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

முட்டைக்கண்ணியின் அம்மா